படம் வரைந்தவருக்கும் பெயர் உண்டு

தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் அவர்களுக்கும், முதுநிலை மாணவர்களின் ஆய்வுகளை வழிநடத்தும் பேராசிரியர்களுக்கும்,

வணக்கம்.

நோயியல் துறையில் பிஜி மாணவர்களுக்கு கைடாக இருப்பவள் நான். சென்ற ஆண்டு என் மாணவி ஒருவர் மதுரா ஃபுட் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். வயலில் வெறுங்காலோடு உழைப்பவர்களின் பாதத்தில் முள் குத்திய வழியே கிருமி புகுந்து, ஆண்டுக்கணக்கில் வீங்கி, புரையோடி, சீழோடு மணி மணியாகக் கிருமித் திரள்கள் வெளிவரும் நோய் அது. ஸ்லைடுகள் அவர் தயாரித்தவை. நோயாளிகளிடம் ஒப்புதல் வாங்கியதும் அவர்தான். தோலிலிருந்து எலும்புவரை கிருமி போகும் பாதையைக் காட்டும் ஒரே ஒரு கோட்டுப்படம் மட்டும் கூகுளில் எடுத்தது.

அந்தப் படத்துக்கு அனுமதிக் கடிதம் எங்கே என்று ஆய்விதழ் கேட்டது. தேடிப் பார்த்தால், யாரோ ஒரு பாடநூலை ஸ்கேன் செய்து இணையத்தில் போட்ட பக்கம். பதிப்பகத்துக்கு இரண்டு முறை எழுதினோம், பதில் வரவில்லை. கடைசியில் படத்தை எடுத்துவிட்டுத்தான் கட்டுரை வெளிவந்தது. "என்னைத் திருடின்னு நினைச்சிருப்பாங்களா மேடம்?" என்று அவர் கேட்டதை என்னால் மறக்க முடியவில்லை. சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியவள் நான்.

"ஆராய்ச்சிக்குத்தானே எடுக்கிறோம்" என்பதுதான் நம் எல்லோருடைய எண்ணமும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் தனிப்பட்ட படிப்புக்கும் ஆய்வுக்கும் சலுகை தருகிறது, உண்மைதான். அதே படத்தை ஆய்விதழில் அச்சிட்டு உலகுக்குக் கொடுப்பது வேறு. நிறத்தை மாற்றி, அம்புக்குறியைத் திருப்பிப் போட்டாலும் அது இன்னொருவர் படத்தின் வழிப்படம்தான்; அனுமதி வேண்டும்.

இத்தனைக்கும், கேட்காமலே எடுத்துக்கொள்ளக்கூடிய படங்கள் ஏராளம். செர்வியே மெடிக்கல் ஆர்ட் தளத்தில் 3,000-க்கும் மேற்பட்டவை இருக்கின்றன. பவர்பாயின்ட்டில் திறந்து, பிரித்து, வேண்டியபடி சேர்த்துக்கொள்ளலாம். அவர்கள் கேட்பது பெயரும், உரிமக் குறிப்பும், மாற்றியிருந்தால் மாற்றினோம் என்ற ஒரு வரியும்தான். அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தின் பயோஆர்ட் படத்தொகுப்பு பொதுவுடைமை, அதாவது யாருடைய அனுமதியும் தேவையில்லை. பயோஐகான்ஸ் தளத்தில் ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் அதற்கான உரிமம் எழுதியிருக்கும். அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் படநூலகத்திலும் பெரும்பகுதி பொதுவுடைமைதான். ஆனால் எல்லாமே அல்ல, படத்தின் கீழிருக்கும் குறிப்பைப் படித்துவிட்டே எடுக்க வேண்டும். வணிகப் பயன்பாடு கூடாது என்ற நிபந்தனையுள்ள படங்களில் மாணவர்கள் அடிக்கடி தடுக்கி விழுகிறார்கள். தீசிஸுக்குச் சரியாக இருந்த படம், அதே ஆய்வு வணிக நோக்கில் நடக்கும் ஆய்விதழுக்குப் போகும்போது சிக்கலாகிவிடுகிறது.

உடற்கூறுப் படம் வேண்டுமென்றால் ஹென்றி கிரேயின் புகழ்பெற்ற உடற்கூறியல் பாடநூலான 'கிரேஸ் அனாடமி'யின் 1918-ஆம் ஆண்டு அமெரிக்கப் பதிப்பு இருக்கிறது. 1,247 படங்கள், விக்கிமீடியா காமன்ஸ் என்ற இணையப் படத்தொகுப்பில் கிடைக்கின்றன. 1858-இல் வந்த முதல் பதிப்புக்குப் படம் வரைந்த ஹென்றி வாண்டைக் கார்ட்டரை இங்கே சொல்லியாக வேண்டும். உறுப்பின் பெயரை உறுப்பின் மேலேயே எழுதி, மாணவன் கண்ணை அலையவிடாமல் செய்தவர் அவர். ஒரே தடவையாக 150 பவுண்டு கொடுத்தார்கள். நூல் விற்க விற்கப் பங்கு கிரேக்குத்தான் போனது. முகப்புப் பக்கத்தில் கார்ட்டரின் பெயரைச் சிறிதாக்கச் சொன்னவரும் கிரேதான். அதே ஆண்டு பம்பாய்க்குக் கப்பலேறிய கார்ட்டர், கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் கற்பித்தபடி ஆராய்ந்த நோய்களில் ஒன்று, என் மாணவி எழுதிய இதே மதுரா ஃபுட். மைசிட்டோமா என்று அதற்குப் பெயர் வைத்தவர் அவர். 1874-இல் அதைப் பற்றித் தனி நூலே எழுதினார். 1897-இல் இறந்தவரின் படங்களுக்கு இன்று யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. நாங்கள் தேடிய பாதம் அவருடைய அந்த நூலில் இருந்திருக்கிறது, எங்களுக்குத் தெரியவில்லை.

இதனால்தான் உங்களிடம் வருகிறேன். சென்னைத் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்தின் அடிப்படை ஆராய்ச்சிப் படிப்பை நம் பிஜி மாணவர்கள் படிக்கிறார்கள். அதோடு பல்கலைக்கழகமும் படங்களுக்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்கட்டும். தீசிஸில் ஒவ்வொரு படமும் எங்கிருந்து வந்தது, என்ன உரிமம் என்று எழுத ஒரு பக்கத்தைக் கட்டாயமாக்குங்கள். செயற்கை நுண்ணறிவு வரைந்ததா என்பதும் அதில் இருக்கட்டும். 2024 பிப்ரவரியில் அப்படி வரைந்த, உடற்கூறே பிசகிய ஓர் எலியின் படத்தோடு கட்டுரை வெளிவந்து, சில நாட்களில் திரும்பப் பெறப்பட்டதை எல்லோரும் பார்த்தோம்.

இதைவிடப் பெரிய வேண்டுகோள் ஒன்று உண்டு. மேலே சொன்ன தளங்களில் இதயமும் செல்லும் வைரஸும் குவிந்து கிடக்கின்றன. நம் நோயாளிகளின் நிறத்தில் ஒரு தொழுநோய்க் கை, யானைக்கால், வெற்றிலை பாக்கில் இறுகிப்போன வாய் என்று தேடினால் நான் வெறுங்கையோடுதான் திரும்பியிருக்கிறேன். நான் படித்த கல்லூரியில் ஓவியர் ஒருவர் இருந்தார். அவர் வரைந்த சார்ட்டுகள் இன்னும் அருங்காட்சியகச் சுவரில் வெளுத்துக்கொண்டிருக்கின்றன, பல படங்களில் அவர் கையெழுத்துகூட இல்லை. அவரைப் போன்றவர்களின் படங்களை, அவர்களோ குடும்பத்தாரோ ஒப்பினால், ஸ்கேன் செய்து பெயரோடு ஒரே இடத்தில் சேருங்கள். வரையத் தெரிந்த மாணவர்கள் ஒவ்வொரு பேட்ச்சிலும் இருக்கிறார்கள். அவர்கள் படங்களையும் கேட்டு வாங்குங்கள். பெயர் சொன்னால் போதும், யாரும் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தில் அவை இருக்கட்டும்.

என் மாணவி அந்தப் பாதத்தை இப்போது தன் கையாலேயே வரைந்து முடித்திருக்கிறார். பொதுவில் கொடுக்கவும் தயாராக இருக்கிறார். அதை எந்த முகவரிக்கு அனுப்பட்டும் என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நோயியல் துறை ஆசிரியை ஒருவர்