அந்த உடல் கல்லூரிக்குப் போகவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் உடற்கூறியல் பேராசிரியருக்குச் சென்ற இதழில் நீங்கள் வெளியிட்ட அஞ்சலிக் குறிப்பு நன்றாக இருந்தது, கடைசி வரியைத் தவிர. அவர் விருப்பப்படி உடல் மருத்துவக் கல்லூரிக்கு வழங்கப்பட்டது என்று எழுதியிருந்தீர்கள். விருப்பம் உண்மைதான். ஆனால் உடல் போகவில்லை. தஞ்சை ராஜாகோரி சுடுகாட்டில் எரியூட்டினோம். நானும் உடன் இருந்தேன்.

காலையில் நடக்கப் போனவர் மீது இருசக்கர வாகனம் மோதியது. விபத்து என்றால் போலீஸ் வழக்கும் பிரேதப் பரிசோதனையும் வந்துவிடும். பரிசோதனையில் தலை, மார்பு, வயிறு மூன்றையும் திறப்பார்கள். பாடத்துக்கு வைக்கும் உடலைப் பதப்படுத்தப் பார்மலின் கலந்த கரைசலைத் தமனி வழியாகச் செலுத்த வேண்டும். பெரும்பாலும் தொடைத் தமனியில் செலுத்துவது வழக்கம். குழாய்கள் அறுபட்ட உடலில் அது பரவாமல் வெளியே வழிந்துவிடும். அதனால் பிரேதப் பரிசோதனை செய்த உடலைக் கல்லூரிகள் ஏற்பதில்லை. இதை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். அவர் வீட்டாருக்குத்தான் தெரிந்திருக்கவில்லை. கையெழுத்திட்ட படிவத்தை எடுத்துக்கொண்டு வந்து, "எழுதிக் கொடுத்திருக்கிறாரே தம்பி, ஏன் வேண்டாம் என்கிறார்கள்?" என்று அவர் மனைவி கேட்டார். இப்போது உங்கள் குறிப்பைப் படித்துவிட்டு, "எரித்ததாகச் சொன்னீர்களே, எது உண்மை?" என்று அவரிடமே உறவுக்காரர்கள் விசாரிக்கிறார்கள். திருத்தம் கேட்பது அதனால்தான்.

கண்கள் தானமாகப் போயின. அதை நீங்கள் எழுதவில்லை. இறந்த ஆறு மணி நேரத்துக்குள் எடுத்துவிட்டால் போதும். விபத்து வழக்கிலும் போலீஸ் ஒப்புதலோடு கண்ணைக் கொடுக்கலாம்.

ஆயிரக்கணக்கான மாணவர்களை உருவாக்கினார் என்பது எல்லாப் பேராசிரியருக்கும் எழுதுகிற வரி. அவர் எப்படிச் சொல்லிக்கொடுத்தார் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். வயிற்றுக்குள் பெருந்தமனியிலிருந்து முன்பக்கமாக ஒரு குட்டைத் தண்டு கிளம்பி இரைப்பைக்கும் கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் மூன்றாகப் பிரியும். கிராமத்துப் பள்ளியில் தமிழில் படித்துவிட்டு வந்த எங்களுக்கு அதன் ஆங்கிலப் பெயரே வாயில் நுழையாது. அவர் பலகையில் நீடாமங்கலம் மூணாறு தலைப்பை வரைந்தார். வெண்ணாறு அங்கே கோரையாறு, பாமணியாறு, வெண்ணாறு என்று பிரிவது மன்னார்குடிப் பக்கத்துப் பையன்கள் எல்லோருக்கும் தெரியும். "சிலருக்கு இந்தத் தலைப்பு வேறு மாதிரி பிரிந்திருக்கும். வாய்க்கால் எங்கே போகிறது என்று பார்க்காமல் மண்வெட்டியைப் போடாதே" என்பார். பின்னாளில் தாலுகா மருத்துவமனையில் பித்தப்பையைத் திறந்தபோதெல்லாம், கத்தரிக்கும் முன் குழாயை இரண்டாம் முறை தேடிப் பார்க்கும் பழக்கம் எனக்கு அங்கிருந்து வந்ததுதான்.

வரிசையாக வைத்த உறுப்புகளைப் பார்த்து அடையாளம் சொல்லும் ஸ்பாட்டர் தேர்வில் கறாரான மனிதர். கருணையாக மதிப்பெண் போட்டார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

உடலை அறுத்துப் படிக்கும் டிசெக்‌ஷன் ஹாலில் மேசைமேல் இருப்பவரை 'அது' என்று சொன்னால் வெளியே அனுப்பிவிடுவார். அந்தக் காலத்தில் மேசைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் உரிமை கோர ஆளில்லாமல் மருத்துவமனையில் இறந்தவர்கள். 1951ஆம் ஆண்டின் உடற்கூறியல் சட்டப்படி கல்லூரிக்கு வந்த அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்டதில்லை. அது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது என்று நினைக்கிறேன். ஓய்வுபெற்ற பிறகு ஊர் ஊராகப் போய் உடற்கொடை பற்றிப் பேசினார். நெற்றி நிறைய விபூதி பூசுகிறவர். ஆனால் கறுப்புச் சட்டைக்காரர்களும் செங்கொடிக்காரர்களும் கூட்டம் போட்டால் முதல் வரிசையில் இருப்பார். இந்த விஷயத்தில் நம் பகுதியில் முன்னால் வந்தவர்கள் அவர்கள்தான் என்று மேடையிலேயே சொல்லுவார். கோயில்காரர்கள் சிலருக்கு அதில் வருத்தம் இருந்தது.

தஞ்சையில் மட்டும் இருந்த அரசு மருத்துவக் கல்லூரி 2010இல் திருவாரூருக்கும் 2022இல் நாகைக்கும் வந்துவிட்டது. ஒவ்வொன்றிலும் ஆண்டுதோறும் புது மாணவர்கள் மேசையைச் சுற்றி நிற்கிறார்கள். உங்கள் வாசகர்களில் உடற்கொடைப் படிவம் எழுதிக் கொடுத்தவர்கள் இருப்பார்கள். திருத்தத்தோடு அவர்களுக்கு இதையும் சேர்த்து வெளியிடுங்கள்: பிரேதப் பரிசோதனை செய்த உடலும், எச்.ஐ.வி., மஞ்சள்காமாலை பி போன்ற தொற்றுள்ள உடலும் ஏற்கப்படமாட்டா. கடைசியில் ஒப்படைக்க வேண்டியவர்கள் வீட்டார் என்பதால், கையெழுத்துப் போடும்போதே அவர்களையும் உட்கார வைத்து இதையெல்லாம் சொல்லிவிட வேண்டும்.

பேராசிரியரின் மனைவி உங்கள் இதழின் வாசகர். திருத்தத்தை அவர் கண்ணில் படுகிற இடத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு அறுவை மருத்துவர்,
மன்னார்குடி.