கானாவும் ஐவரி கோஸ்ட்டும்: தலா வருமானம் சொல்லாதவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேற்கு ஆப்பிரிக்காவைப் பற்றி நம் நாளிதழ்களில் அரிதாகத்தான் செய்தி வருகிறது. வரும்போதும், தலா வருமானத்தில் ஐவரி கோஸ்ட் கானாவை முந்திவிட்டது என்ற ஒற்றை வரியோடு ஒப்பீடு முடிந்துவிடுகிறது. முந்தியது உண்மையே. ஆனால் அதை வைத்து, அங்குள்ள மக்கள் கானா மக்களைவிட நன்றாக வாழ்கிறார்கள் என்று முடிவுகட்டுவது தவறு. தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வரும் முந்திரிக்கொட்டையில் பெரும்பங்கு இந்தப் பகுதியிலிருந்து வருவதால், அந்தத் தொழிலின் வழியே இவ்விரு நாடுகளையும் பல்லாண்டுகளாகக் கவனித்துவரும் எனக்கு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

இவற்றைப் போல ஒப்பிடத் தகுந்த அண்டை நாடுகள் வேறு அதிகம் இல்லை. 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கானாவின் மக்கள்தொகை சுமார் 3.08 கோடி, ஐவரி கோஸ்ட்டின் மக்கள்தொகை சுமார் 2.94 கோடி. உலகின் கோகோவில் பாதிக்கும் மேற்பட்டது இவ்விரு நாடுகளில்தான் விளைகிறது. எல்லையின் இருபுறமும் அக்கான் மொழிகளைப் பேசும் மக்கள் வாழ்கிறார்கள். 1957இல் கானா விடுதலை பெற்ற சில வாரங்களில் ஐவரி கோஸ்ட்டின் பெருநகரான அபிஜானுக்குச் சென்ற கானாவின் தலைவர் க்வாமே என்க்ருமாவிடம், பின்னாளில் ஐவரி கோஸ்ட்டின் முதல் அதிபரான ஊஃபூவே புவான்யி, பத்தாண்டு கழித்து யார் முன்னேறியிருக்கிறார் என்று பார்ப்போம் என அறைகூவல் விடுத்தார். அந்தக் கெடு முடியும் முன்பே, 1966இல், என்க்ருமா ராணுவத்தால் பதவியிழந்தார். 1983இல் வறட்சியும் காட்டுத்தீயும் கானாவை வாட்டின. நைஜீரியாவால் வெளியேற்றப்பட்ட லட்சக்கணக்கான கானா நாட்டவர் வெறுங்கையோடு ஊர் திரும்பினர். பணவீக்கம் 100 விழுக்காட்டைத் தாண்டியது. அந்த ஆண்டில் யாரைக் கேட்டிருந்தாலும் பந்தயத்தில் வென்றது அபிஜான்தான் என்று சொல்லியிருப்பார்கள்.

இருந்தும், இன்று ஆயுள், கல்வி, வருமானம் மூன்றையும் சேர்த்து அளக்கும் ஐக்கிய நாடுகள் சபையின் மனித மேம்பாட்டுக் குறியீட்டில் கானாவே முன்னால் நிற்கிறது. 2020ஆம் ஆண்டுக்கான ஐ.நா. அமைப்புகளின் மதிப்பீட்டில், ஒரு லட்சம் மகப்பேறுகளுக்குக் கானாவில் 263 தாய்மாரும் ஐவரி கோஸ்ட்டில் 480 தாய்மாரும் உயிரிழந்தனர். ஒரே மண்ணும் ஒரே மழையும் ஒரே பயிரும் உள்ள இரு நாடுகளுக்கிடையே இவ்வளவு பெரிய வேறுபாடு இருக்கும்போது, கூடுதல் வருமானம் உள்ள நாட்டை மேலானது என்று எப்படிச் சொல்வது?

இந்த வேறுபாட்டின் வேர் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. தொடக்கக் கல்வியைக் கட்டணமின்றிக் கட்டாயமாக்கும் சட்டத்தைக் கானா 1961இலேயே இயற்றியது. ஐவரி கோஸ்ட்டில் 6 முதல் 16 வயது வரை பள்ளி கட்டாயம் என்ற சட்டம் வந்தது 2015இல். சட்டம் இருந்தால் மட்டும் எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்குப் போய்விடுவதில்லை, கானாவின் வட பகுதிகளே அதற்குச் சான்று. என்றாலும், படித்த தாய்மார் இரண்டு தலைமுறைகளாகப் பெருகியதன் பலனை அந்நாடு இன்று அனுபவிக்கிறது. அதன்மேல் 2003இல் தேசிய மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. 2008 முதல் கருவுற்ற பெண்களுக்கு அந்தக் காப்பீட்டில் கட்டணம் இல்லை. ஐவரி கோஸ்ட்டின் அனைவருக்குமான மருத்துவக் காப்பீடு 2014இல் சட்டமாகி, 2019இல்தான் நடைமுறைக்கு வந்தது. இடையில் 2002இல் தொடங்கிய உள்நாட்டுப் போரும், ஏறத்தாழ 3,000 பேரைப் பலிகொண்ட 2010-11ஆம் ஆண்டுத் தேர்தல் வன்முறையும் அந்த நாட்டின் பத்தாண்டுகளை விழுங்கிவிட்டன. கானாவிலோ 2001, 2009, 2017, 2025 என நான்கு முறை ஆளுங்கட்சி தோற்று, அமைதியாக ஆட்சி கைமாறியிருக்கிறது. அச்சமின்றி வாக்களித்துவிட்டு வீடு திரும்புவதும் வாழ்க்கைத் தரத்தில் சேர்ந்ததுதான்.

கானாவைப் புகழ்ந்து மட்டும் எழுதினால் அது நேர்மையாகாது. 2022 டிசம்பரில் அங்கு பணவீக்கம் 54.1 விழுக்காட்டைத் தொட்டது. அதே மாதம் வெளிநாட்டுக் கடனில் பெரும்பகுதியைத் திருப்பிச் செலுத்துவதை அரசு நிறுத்திவைத்தது. மாதச் சம்பளக்காரரும் ஓய்வூதியரும் சேமிப்பின் மதிப்பு கண்முன்னே கரைவதைப் பார்த்தனர். மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் சிலவற்றின் பொது நாணயமான, யூரோவோடு நிலையான மதிப்பில் பிணைக்கப்பட்ட சி.எஃப்.ஏ. பிராங்கைப் பயன்படுத்தும் ஐவரி கோஸ்ட்டில் அவ்வாண்டுப் பணவீக்கம் ஏறத்தாழ 5 விழுக்காடுதான். அந்தப் பிணைப்புக்கும் விலை உண்டு. அந்த நாணயம் பிரெஞ்சு பிராங்கோடு பிணைக்கப்பட்டிருந்த காலத்தில், 1994 ஜனவரியில், ஒரே நாளில் அதன் மதிப்பு பாதியாகக் குறைக்கப்பட்டதை அங்குள்ள மூத்தவர்கள் மறக்கவில்லை. ஆயினும் அன்றாடச் சந்தைச் செலவைப் பொறுத்தவரை கானாவின் அந்த நெருக்கடிக் காலத்தில் ஐவரி கோஸ்ட் குடும்பம் நிம்மதியாக இருந்தது என்பதை மறுக்க முடியாது. சட்டவிரோதத் தங்கச் சுரங்கங்களால் பிரா போன்ற ஆறுகள் சேறாகிப்போனதும் கானாவுக்குப் பெரும் இழுக்கு.

சம்பளத்தைச் சேமித்து வீடு கட்ட நினைப்பவர் அபிஜானைத் தேர்ந்தெடுத்தால் அதில் நியாயம் உண்டு. பிள்ளைப்பேற்றை எதிர்நோக்கும் ஏழைப் பெண்ணுக்கோ கானாவே பாதுகாப்பானது. ஆகவே, இனி இத்தகைய ஒப்பீடுகளை வெளியிடும்போது தலா வருமானத்தோடு தாய்மார் இறப்பு விகிதத்தையும், பெண்களின் எழுத்தறிவையும், பணவீக்கத்தையும் சேர்த்தே அச்சிடுமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்,
தூத்துக்குடி