‘மறுக்கிறேன்’ பட்டன் வேலை செய்கிறதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பதினொரு வருடமாக டெஸ்டிங் வேலை பார்க்கிறேன். பெரும்பாலும் ஐரோப்பிய வாடிக்கையாளர்களின் இணையதளங்கள்தான் என்னிடம் வரும். பார்வையாளர் ‘குக்கீ வேண்டாம்’ என்று சொன்னால் அந்தத் தளம் உண்மையிலேயே கேட்டு நடக்கிறதா என்று பார்ப்பதும் என் வேலையில் சேர்ந்தது. குக்கீ என்பது நம்மை அடையாளம் வைத்துக்கொள்ளத் தளம் நம் பிரவுசரில் போட்டுவைக்கும் சிறு குறிப்பு. தரவுப் பாதுகாப்பு விதிகள் பற்றி இப்போது எல்லோரும் பேசுவதால் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

போன மாதம் அம்மாவுக்குத் தைராய்டு பரிசோதனை எடுக்க வேண்டியிருந்தது. வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப் போகும் ஒரு லேப், பெயர் வேண்டாம். தளத்தைத் திறந்ததும் கீழே குக்கீக்குச் சம்மதம் கேட்கும் பேனர் வந்தது. ‘ஏற்கிறேன்’, ‘மறுக்கிறேன்’ இரண்டும் நல்ல தமிழில், ஒரே அளவில், ஒரே நிறத்தில். பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. மறுத்தேன். கை பழக்கத்தில் எஃப்12 தட்டி, பக்கம் யாருக்கு என்ன அனுப்புகிறது என்று பிரவுசர் காட்டும் நெட்வொர்க் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பரிசோதனைக்குப் பதிவு செய்யத் தொடங்கினேன்.

பக்கம் மாறும் ஒவ்வொரு முறையும் இரண்டு தகவல்கள் வெளியே போயின. ஒன்று பார்வையாளர் கணக்கெடுக்கும் சேவைக்கு, மற்றொன்று ஒரு விளம்பர நிறுவனத்துக்கு. இரண்டாவதை விரித்துப் பார்த்தேன். நான் நின்றிருந்த பக்கத்தின் முழு முகவரியும் அதில் இருந்தது. அந்த முகவரிக்குள்ளேயே ‘தைராய்டு’ என்ற சொல்லும் எங்கள் பகுதியின் பின்கோடும் இருந்தன. என் அம்மா தன் உடம்புக்கு என்ன என்று பக்கத்து வீட்டில்கூடச் சொல்லாதவர்.

லேபுக்கு எழுதினேன். “எங்கள் தளத்தில் பேனர் வைத்திருக்கிறோம்” என்று பதில் வந்தது. நான் பேனரைப் பற்றிக் கேட்கவே இல்லை. பிரவுசரிலிருந்து பதிவுக் கோப்பை எடுத்து அனுப்பிய பிறகுதான் அவர்களுடைய தளத்தைப் பராமரிக்கும் பையன் போனில் கூப்பிட்டார். “மேடம், பேனர் சரியாத்தானுங்க இருக்குது. ஆஃபர் விளம்பரத்துக்காக வேற ஆளுங்க தீம் ஃபைல்லயே பிக்ஸலை ஒட்டிட்டுப் போயிருக்காங்க” என்றார். பிக்ஸல் என்பது பார்வையாளரின் நடமாட்டத்தை விளம்பர நிறுவனத்துக்கு அனுப்பும் ஒரு துண்டு நிரல்; அதைத் தளத்தின் தோற்றத்தை அமைக்கும் கோப்புக்குள்ளேயே ஒட்டியிருந்தார்கள்.

நான் பார்த்த தளங்களில் பெரும்பாலும் கோளாறு இந்த இடத்தில்தான். பேனரை ஒருவர் வைக்கிறார், டேக்கை, அதாவது பிக்ஸல் போன்ற கண்காணிப்பு நிரலை, இன்னொருவர் வைக்கிறார், இருவரும் பேசிக்கொள்வதில்லை. டேக்குகளை ஒரே இடத்திலிருந்து ஏற்றும் டேக் மேனேஜர் வழியாக வருபவற்றைத்தான் பேனர் தடுக்கும் என்றால், பக்கத்தின் நிரலுக்குள் நேரடியாக எழுதிய டேக்குக்கு நாம் மறுத்த விஷயமே தெரியாது. இன்னொன்று வரிசைக் கோளாறு. பார்வையாளர் சம்மதித்தாரா இல்லையா என்று டேக்குகளுக்குச் சொல்லும் கூகுளின் கன்சென்ட் மோடில் ‘அனுமதி இல்லை’ என்ற தொடக்க நிலையை டேக் ஓடுவதற்கு முன்பே அமைத்துவிட வேண்டும். பேனர் இரண்டு வினாடி தாமதமாக வந்தால், நாம் வாயைத் திறப்பதற்குள் முதல் தகவல் போய்ச் சேர்ந்திருக்கும்.

சோதிப்பதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. பழைய குக்கீ எதுவும் இல்லாத இன்காக்னிட்டோ ஜன்னலில் தளத்தைத் திறந்து, எஃப்12 தட்டி, பேனரைத் தொடாமல் முதலில் குக்கீ பட்டியலைப் பாருங்கள். அடிக்கோட்டுக்குப் பின் ‘ஜிஏ’ என்றிருப்பது கூகுள் அனலிட்டிக்ஸுடையது, வழக்கமாக இரண்டு வருடம் தங்கும். ‘எஃப்பிபி’ என்றிருப்பது ஃபேஸ்புக் பிக்ஸலுடையது. பிறகு மறுத்துவிட்டு நாலைந்து பக்கம் நடந்து பாருங்கள். கூகுளுக்கு ஏதோ போகிறது என்பதாலேயே மீறல் என்று சொல்லிவிட முடியாது. கன்சென்ட் மோடின் ஒரு வகையில், மறுத்த பிறகும் குக்கீ இல்லாத செய்தி போகும். அதற்குள் ‘ஜிசிஎஸ்’ என்ற இடத்தில் ஜி100 என்றிருந்தால் விளம்பரம், கணக்கெடுப்பு இரண்டுக்கும் மறுப்பு பதிவாகியிருக்கிறது. ஜி111 என்றிருந்தால் நீங்கள் மறுத்தது அங்கே போய்ச் சேரவே இல்லை. கடைசியாக, ஏற்றுக்கொண்டுவிட்டுப் பிறகு சம்மதத்தைத் திரும்பப் பெற்றுப் பாருங்கள். மற்றதில் தேறும் தளங்கள்கூட இதில் தவறுவதைப் பார்த்திருக்கிறேன். பழைய குக்கீ அப்படியே உட்கார்ந்திருக்கும்.

ஐரோப்பாவில் இதைச் சும்மா விடுவதில்லை. முன்கூட்டியே டிக் செய்துவைத்த கட்டம் சம்மதம் ஆகாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019 அக்டோபரிலேயே தீர்ப்பளித்தது. சம்மதம் வாங்குவதற்கு முன்பே விளம்பரக் குக்கீ வைத்ததற்காக 2020 டிசம்பரில் பிரான்ஸின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் கூகுளுக்கு மொத்தம் 10 கோடி யூரோவும் அமேசானுக்கு 3.5 கோடி யூரோவும் அபராதம் போட்டது. என் வாடிக்கையாளர்கள் ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் சோதித்துத் தரச் சொல்வதற்கு இந்தப் பயமும் ஒரு காரணம்.

நம் நாட்டில் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தந்திருக்கிறார்கள். சம்மதம் தடையற்றதாக, தெளிவானதாக இருக்க வேண்டும். கொடுப்பது எவ்வளவு எளிதோ திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வழக்கு என்று வந்தால், சம்மதம் முறையாகப் பெற்றதை நிரூபிக்க வேண்டியதும் நிறுவனம்தான். எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஆனால் எதைக் காட்டி நிரூபிப்பார்கள்? பேனரின் ஸ்கிரீன்ஷாட்டை நீட்டினால் போதும் என்று ஆகிவிட்டால், அந்த லேப் எனக்கு எழுதிய பதில்தான் எல்லோருக்கும் கிடைக்கும்.

ஆகவே இந்தச் சட்டத்தின்கீழ் புகார்களை விசாரிக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கு என் கோரிக்கை: இப்படிப் புகார் வரும்போது, மறுத்த பிறகு எடுத்த நெட்வொர்க் பதிவைக் கேட்டு வாங்குங்கள். எந்தத் தேதியில் யார் சோதித்தார்கள், அதற்குப் பின் எந்த டேக் புதிதாகச் சேர்ந்தது என்று கேளுங்கள். மருத்துவமனை, லேப், கடன் செயலி நடத்துகிறவர்கள் இந்த 18 மாதம் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. விளம்பர ஏஜென்சிக்காரர் ஒரு வரி நிரலைச் சேர்த்துவிட்டுப் போன அன்று மாலையே பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்துவிடலாம்.

அந்தப் பையன் பிக்ஸலை எடுத்துவிட்டார். விளம்பர நிறுவனத்துக்குப் போய்க்கொண்டிருந்தது அன்றிரவே நின்றது. கணக்கெடுக்கும் சேவைக்குப் போவது இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறது. இன்று காலை மறுபடியும் பதிவெடுத்து அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பீளமேடு, கோயம்புத்தூர்