மூன்றாவது பிள்ளையை மேடையிலிருந்து கேட்காதீர்கள்

வடக்கின் அரசியல் தலைவர்களுக்கும் சமய, சமூக அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

இனம் அருகுகிறது, வீட்டுக்கு மூன்று நாலு பிள்ளைகளாவது வேண்டும் என்று கூட்டங்களிலும் கோயில் மண்டபங்களிலும் நீங்கள் பேசுவது வழமையாகிவிட்டது. உங்கள் கவலைக்குக் காரணம் இல்லையென்று சொல்லவில்லை. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010 இல் ஒன்பது நாடாளுமன்ற ஆசனங்கள். 2024 இல் ஆறு. ஆனால் ஆசனங்கள் பிறப்புப் பதிவைப் பார்த்துப் பகிரப்படுவதில்லை. மாவட்டங்களுக்குரிய 196 இல் மாகாணத்துக்கு நாலாக 36 போக, மீதி 160 உம் வாக்காளர் இடாப்பின்படியே பிரிகின்றன. இன்று பிறக்கும் பிள்ளை அந்த இடாப்பில் ஏற 18 வருடம் செல்லும். அதுவரை அந்தப் பிள்ளை ஊரில் நிற்பதற்கு என்ன வழி வைத்திருக்கிறீர்கள்? பிறப்புக் குறைந்தது தமிழருக்கு மட்டும் நேர்ந்ததுமல்ல. 2019 இல் நாடு முழுவதும் 3 இலட்சத்தைத் தாண்டிய பிறப்புகள் 2023 இல் இரண்டரை இலட்சத்துக்கும் கீழே வந்துவிட்டன.

உங்கள் பேச்சு எங்கே போய் விழுகிறது என்பதைக் கொஞ்சம் பாருங்கள். இரண்டு பிள்ளைகளோடு போதுமென்று முடிவெடுத்த பெண் மூன்று மாதத்துக்கு ஒருமுறை டெப்போ என்ற கருத்தடை ஊசி போடுகிறாள். ஊசியால் மாதவிடாய் முதலில் ஒழுங்கு குலையும். போகப்போகப் பலருக்கு நின்றும்விடும். கர்ப்பப்பையின் உட்சுவர் தடிக்காததால் வெளியேற ஒன்றுமில்லை, அவ்வளவுதான். வீட்டிலோ, இரத்தம் உள்ளே தேங்குகிறது, இனிப் பிள்ளையே தங்காது என்பார்கள். கடைசி ஊசிக்குப் பிறகு கருத்தரிக்கச் சராசரியாகப் பத்து மாதம் செல்லலாம், தங்காமல் போவதில்லை. இதைக் குடும்பநல உத்தியோகத்தர் வீடுவீடாகச் சொல்லிச் சொல்லி ஒரு நம்பிக்கையை வளர்த்து வைத்திருப்பார். நீங்கள் ஒலிவாங்கியில் பேசிய அன்று மாமியாருக்கு ஒரு துணை கிடைத்துவிடுகிறது. அடுத்த கிளினிக் நாளுக்கு அவளை விடமாட்டார்கள். நாலு கிழமை வரை பிந்தினாலும் ஊசி போடலாம். அதற்கு மேல் போனால் கர்ப்பமில்லையென்று உறுதிசெய்த பிறகே போடமுடியும். அந்த இடைவெளியில் கரு தங்கினால் அவளுக்கு வழியில்லை. தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்கன்றிக் கருக்கலைப்புச் செய்வது 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைப்படி இன்றும் குற்றம். களவாகக் கலைக்கப்போய், காய்ச்சலோடும் நிற்காத இரத்தப்போக்கோடும் வார்ட்டுக்கு வருகிறவளைப் பார்க்க உங்கள் மேடையிலிருந்து யாரும் வருவதில்லை.

எல்.ஆர்.டி. எனப்படும், பெண்களுக்கான நிரந்தரக் கருத்தடைச் சத்திரசிகிச்சையும் இப்படித்தான். சிசேரியனோடு அல்லது பிரசவித்து ஒரு கிழமைக்குள் செய்துவிடலாம். கடைசி நேரத்தில் வீட்டார் குழப்பினால் ஆறு கிழமை பொறுத்துத் தனியாக இன்னொரு சத்திரசிகிச்சைக்கு வரவேண்டும். கைக்குழந்தையோடு எத்தனை பேரால் அது முடியும்? ஆண்களுக்கான சிகிச்சை இதைவிட எளிது. அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டுச் செய்து, அன்றே வீட்டுக்குப் போகலாம். பிறகு மூன்று மாதம் வேறு பாதுகாப்பு வேண்டும், அவ்வளவுதான். அதைப்பற்றி எந்த மேடையிலாவது ஒரு சொல் கேட்டதுண்டா?

பயத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. 2013 இல் கிளிநொச்சியின் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு கிராமங்களில், முறையான விளக்கமும் சம்மதமும் இன்றிப் பெண்களின் கையில், தோலுக்கடியில் வைக்கும் கருத்தடைக் குச்சியான ஜடெல் வைக்கப்பட்டதாக முறைப்பாடு எழுந்தது. அதற்கு எதிராகக் குரல் கொடுத்தது சரி. அன்று அந்தப் பெண்களின் சம்மதம் பெரிதென்றால், இன்று ஊசி போட வரும் பெண்ணின் சம்மதமும் பெரிது. வை என்று வற்புறுத்துவதும் வைக்காதே என்று வற்புறுத்துவதும் அவளுக்கு ஒன்றுதான். ஆகவே மறுபடியும் கேட்கிறோம்: பிள்ளைத் தொகையை மேடையில் தீர்மானிக்காதீர்கள்.

வயது போனால் பார்க்க, கொள்ளி வைக்கப் பிள்ளை வேண்டாமா என்றும் கேட்கிறீர்கள். ஐந்து பெற்றவரின் உடலும் இங்கே மலர்ச்சாலையில் மருந்தேற்றப்பட்டு, கனடாவிலிருந்து ஒருவராவது வந்துசேரக் காத்துக் கிடக்கிறது. படுத்த படுக்கையாகிவிட்ட ஒருவருக்கு முதுகில் புண் வராதிருக்க இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இரவிலும். அதற்குப் பக்கத்தில் ஆள் வேண்டும். ரொறன்ரோவிலிருக்கும் ஐந்து பிள்ளைகளால் அது ஆகாது. மூன்றாவது பிள்ளைக்கு ஊக்கப்பணம் கொடுக்கவென்று சேர்க்கும் காசில், ஊருக்கு இரண்டு பேரைப் பயிற்றிச் சம்பளம் கொடுத்துப் பாருங்கள்.

கோபத்தில் எழுதியதாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள், கோபம் உண்டுதான். உங்களிடம் பணிவாகக் கேட்பது இதுதான்: மூன்று பிள்ளை, நாலு பிள்ளை என்ற பேச்சை விடுங்கள். அடுத்த கூட்டத்தில் அந்தப் பத்து நிமிடத்தை உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தருக்குக் கொடுங்கள். கேட்க ஆண்களையும் முன்வரிசையில் இருத்துங்கள்.

இப்படிக்கு,
குடும்பநலச் சேவையை நெருங்கி அறிந்தவர்கள்,
யாழ்ப்பாணம்.