சித்தப்பாவின் மூன்று கேசட்டுகள்

மதுரை,
பங்குனி 10

அன்புள்ள மாப்பிள்ளை,

எல்லோரும் நலம் என்று எழுத முடியவில்லை. சித்தப்பா மாசி மாதம் போய்விட்டார். உனக்குச் சொல்லாதது என் தவறு. மூன்று முறை உன் எண்ணை எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். உன் குரலைக் கேட்டால் உடைந்துவிடுவேன் என்று தெரியும். அப்போது சாமியானாக்காரருக்குப் பணம் எண்ணிக்கொண்டிருந்தேன். கோபப்படு, ஆனால் கடிதத்தை முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படு.

மற்ற செய்திகள்: அக்கா மகளுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்துவிட்டது. நாம் தவில் என்று கூப்பிடுகிறவன் வீட்டை விற்றுவிட்டுத் திருப்பரங்குன்றம் பக்கம் போய்விட்டான். டவுன்ஹால் ரோட்டில் அண்ணாச்சியின் கேசட் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். அம்மா உன்னைக் கேட்டாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 2014-ல் மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ்ஸுக்கு நின்றுகொண்டு நீ சொன்னது நினைவிருக்கிறதா? இங்கிலாந்து ராக் குழு பிங்க் ஃபிளாய்டின் 'தி எண்ட்லெஸ் ரிவர்' ஆல்பம் வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. "செத்தவர் வாசித்த மிச்சத்தைச் சுரண்டித் தட்டில் வைத்திருக்கிறார்கள்" என்றாய். போன தீபாவளிக்கும் அதையேதான் சொன்னாய். நான் இரண்டு முறையும் பாதி மனதோடுதான் எதிர்வாதம் செய்தேன். இப்போது முழு மனதோடு சொல்கிறேன்: நீ தவறு, மாப்பிள்ளை.

உன் குற்றச்சாட்டில் நியாயம் இருக்கும் இடங்களை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆல்பத்தில் இரண்டாவதாக வருகிற 'இட்ஸ் வாட் வீ டூ' 1975-ல் அவர்களே செய்ததன் சாயல்தான். இசைத்தட்டின் மூன்றாம் பக்கத்தில் பல துண்டுகள் இரண்டு நிமிடத்தைக்கூட எட்டாமல், சூடு பிடிக்கிற நேரத்தில் நின்றுவிடுகின்றன. கடைசியில் வரும் ஒரே பாட்டு இல்லாமலே இருந்திருக்கலாம் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. பாட்டெழுதிய ரோஜர் வாட்டர்ஸ் இல்லாமல் பிங்க் ஃபிளாய்டே இல்லை என்கிற உன் பழைய பல்லவிக்கு மட்டும் பதில் சொல்ல மாட்டேன். அவர் 1985-லேயே விலகிவிட்டார். நாம் அதற்குப் பிறகு நாற்பது வருடமாகச் சண்டை போட்டாயிற்று.

ஆனால் நீ 'செத்தவர்' என்றாயே, அந்தக் குழுவின் கீபோர்டு வாசிப்பாளர் ரிச்சர்ட் ரைட், அவரை நினைத்துப் பார். 'தி வால்' ஆல்பத்தின்போது குழுவைவிட்டு வெளியேற்றினார்கள். அதன் கச்சேரிகளில் அதே மேடையில், சம்பளத்துக்கு வந்தவராக உட்கார்ந்து வாசித்தார். 1983 ஆல்பத்தில் அவர் இல்லவே இல்லை. பிறகு திரும்பி வந்து, 1994-ல் 'தி டிவிஷன் பெல்'லில் 1973-க்குப் பிறகு முதல் முறையாக ஒரு பாட்டை முன்னின்று பாடினார். 2008-ல் இறந்துபோனார். அந்த 'டிவிஷன் பெல்'லுக்காக மூன்று பேரும் சேர்ந்து வாசித்துப் பதிந்த நாடாக்களைத்தான், மற்ற இருவரான கிதார்காரர் டேவிட் கில்மோரும் டிரம்ஸ்காரர் நிக் மேசனும் மறுபடி எடுத்தார்கள். 20 மணி நேரத்துக்கு மேல் கேட்டு, தங்கள் பங்குக்குப் புதிதாகவும் வாசித்துச் சேர்த்து, 53 நிமிடம் ஆக்கினார்கள். ஏறக்குறைய முழுவதும் வாத்திய இசை. பாட்டில்லை என்பதைத்தானே நீ பெரிய குறையாகச் சொல்கிறாய்? எனக்கு இப்போது அதுதான் அந்த ஆல்பத்தின் மரியாதையாகத் தெரிகிறது.

ஏன் இப்போது என்று கேட்பாய். சித்தப்பாவுக்கு இடது கை விழுந்த பிறகு, சாயங்காலங்களில் மொட்டை மாடியில் அவரோடு உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் இயர்போனின் ஒரு முனையை அவர் காதிலும் மறுமுனையை என் காதிலும் வைத்துக்கொண்டு இந்த ஆல்பத்தைப் போட்டேன். கிதார் வந்தபோது பேசாமல் இருந்தார். 'ஆட்டம் சிக்ஸ்டி எய்ட்' (Autumn '68) வந்தது. ரைட் 1969-ல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலின் பிரமாண்டமான ஆர்கனில் வாசித்தது. அப்போது அவருக்கு வயது 25. சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது காற்று" என்றார். "நம்முடையது மாதிரிக் காற்றுப் பெட்டிதான். ரொம்பப் பெரிய பெட்டி." வேட்டிக்குக் கீழே அவருடைய வலது பாதம் மெதுவாக மிதிக்கத் தொடங்கியது. 38 வருடம் நாடக மேடையின் ஓரத்தில் ஆர்மோனியத்தை மிதித்த பாதம். அது முடிந்ததும், "யார் இவர்? பாடுகிறவனுக்கு இடம் விட்டு வாசிக்கிறாரே" என்று கேட்டார். அங்கே யாருமே பாடவில்லை, மாப்பிள்ளை. அப்படியும் அந்த இடம் அவர் காதுக்குத் தெரிந்திருக்கிறது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு நாடகக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். சித்தப்பாவின் தகரப் பெட்டியில் மூன்று கேசட்டுகள் கிடைத்தன. ஒத்திகை நேரத்தில் தனியாக வாசித்துப் பதிந்தவை: ராஜபார்ட் வருகைக்கு முன்னால் வாசிப்பது, வள்ளி தினைப்புனம் காக்கிற இடம், தர்க்கத்துக்கு நடுவில் வரும் சின்னச் சின்ன இழுப்புகள். நடுநடுவே ஒரு வரி பாடக் கூடிய அளவுக்கு நிறுத்துகிறார், பிறகு தொடர்கிறார். அந்த நிறுத்தங்களில் பெட்டி மூச்சு வாங்குவது மட்டும் கேட்கிறது. நான் கேட்டுவிட்டு வெளியே போய் நின்றேன்.

இப்போது பிரச்சினை என்னவென்றால், நாடக செட்டில் புதிதாகச் சேர்ந்த ஒரு இளைஞர் அந்த நிறுத்தங்களில் தான் பாடி, பதிந்து வெளியிடலாம் என்கிறார். நல்ல குரல்தான், நல்ல மனம்தான். "பெரியவருக்கு இதைவிட என்ன செய்ய முடியும்?" என்று அவர் கேட்டபோது, வீட்டில் எல்லோரும் தலையாட்டிவிட்டார்கள். நான் மட்டும் வேண்டாம் என்றேன். அன்றிலிருந்து சித்தி என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

கில்மோரும் மேசனும் மேலே வாசித்துச் சேர்க்கவில்லையா, இவர் சேர்த்தால் மட்டும் குற்றமா என்று நீ உடனே மடக்குவாய். இரவெல்லாம் அதையேதான் யோசித்தேன். அவர்கள் அந்த அறையில் ரைட்டோடு உட்கார்ந்து வாசித்தவர்கள். அவர் எங்கே நிறுத்துவார், எதற்காக நிறுத்துவார் என்று அவர்களுக்குத் தெரியும். இந்தத் தம்பி சித்தப்பாவோடு ஒரு மேடைகூட ஏறியதில்லை. சித்தப்பா யாருக்காக நிறுத்தினாரோ அவர்களில் இருவர் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் வந்து பாடினால் நான் தடுக்க மாட்டேன். ஆனால் காரியத்தன்று அவர்களிடம் போட்டுக் காட்டியபோது, இருவரும் கடைசிவரை வாய் திறக்கவில்லை. மூத்தவர் ஒரே ஒரு இடத்தில் கையை உயர்த்தித் தாளம் போடப் போனவர், மடியில் வைத்துக்கொண்டார்.

ஆகையால் அப்படியே வைத்துக்கொள்ளப் போகிறேன். சித்தியிடம் நானே பேசிக்கொள்கிறேன். அதற்கு முன் நீ ஒன்று செய்ய வேண்டும். சித்திரைத் திருவிழாவுக்கு வரும்போது உன்னுடைய பழைய டேப் ரெக்கார்டரையும், கம்ப்யூட்டரில் ஏற்றுகிற அந்தக் கம்பியையும் எடுத்துவா. மூன்றாவது கேசட்டில் நாடா ஓரிடத்தில் கசங்கியிருக்கிறது. அண்ணாச்சி இருந்திருந்தால் பென்சிலைச் செருகிச் சுற்றியே சரிசெய்திருப்பார். நான் தொடப் பயந்து மூடி வைத்திருக்கிறேன். எதிர்சேவைக்கு முந்தின நாளே வந்துவிடு, கூட்டத்தில் மாட்டிக்கொள்ளாதே. வருவதற்குள் அந்த ஆல்பத்தை முதலிலிருந்து ஒருமுறை கேட்டுவிட்டு வா.

உன்,
பங்காளி