மிசிசிப்பியில் சிந்திய இரத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வாக்காளர் பட்டியல் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதிவு செய்ய உழைத்து உயிர்நீத்த தன்னார்வலர்களை ஒரே வரியில் கடந்துவிட்டது வருத்தமளிக்கிறது.

1960களின் தொடக்கத்தில் அங்கே பெயர் சேர்க்கச் சென்றவர், மாநில அரசமைப்பின் 285 பிரிவுகளில் பதிவாளர் காட்டிய ஒன்றைக் கைப்பட எழுதி, அதன் பொருளையும் விளக்க வேண்டியிருந்தது. விடை சரியா என்று தீர்மானித்தவரும் அந்தப் பதிவாளரே. 1962இல் ஃபேனி லூ ஹேமர் என்ற கறுப்பினப் பெண் தொழிலாளி அவ்வாறு விண்ணப்பித்த அன்றே, 18 ஆண்டுகள் உழைத்த பண்ணையிலிருந்து வெளியேற்றப்பட்டார். மறு ஆண்டு, அதே மாநிலத்தின் வினோனா ஊர்ச் சிறையில் காவலர்களின் உத்தரவுப்படி சக கைதிகளே அவரை அடித்ததில், அவருடைய சிறுநீரகம் நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டது. அடித்தவர்களும் கறுப்பினத்தவர் என்பதுதான் என்னை இன்னும் உறுத்துகிறது.

1964 ஜூன் 21 அன்று, எரிக்கப்பட்ட ஒரு தேவாலயத்தைப் பார்வையிட்டுத் திரும்பிய, இதே பணியில் ஈடுபட்டிருந்த ஜேம்ஸ் சேனி, ஆண்ட்ரூ குட்மன், மைக்கேல் ஷ்வெர்னர் ஆகிய மூவரும் கைது செய்யப்பட்டு, இரவில் விடுவிக்கப்பட்டு, வழியிலேயே மடக்கிச் சுட்டுக் கொல்லப்பட்டனர். மூவரில் மூத்தவருக்கு வயது 24. 44 நாள்களுக்குப் பின்னரே, ஒரு மண் அணைக்குள்ளிருந்து உடல்கள் தோண்டியெடுக்கப்பட்டன. அவர்களைக் கைது செய்த துணை ஷெரீஃப் (உள்ளூர்க் காவல் அதிகாரி) உட்பட ஏழு பேர் 1967இல் கூட்டாட்சி நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டாலும், அது சதிக்குற்றத்துக்கான தண்டனையே. மாநில நீதிமன்றம் ஒருவரைக் குற்றவாளியென அறிவிக்க 2005 வரை ஆயிற்று.

அம்மூவரின் பெயர்களையாவது தங்கள் இதழில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், மதுரை