கைதிகளுக்காகப் போன தூதர்

அன்புள்ள நண்பா,

கண் அறுவை முடிந்து இரண்டு வாரம் ஆகிறது. நேற்றுதான் படிக்க அனுமதி கிடைத்தது, முதல் வேலையாக உன் கடிதத்தை மறுபடி எடுத்தேன். "அண்ணன் தம்பி வெட்டிக்கொள்ளும்போது அடுத்த வீட்டுக்காரன் போய் என்ன கிழிக்க முடியும்?" என்று கேட்டிருக்கிறாய். உன் கோபம் புரிகிறது. ஆனால் ஸ்பெயினில் ஒருமுறை அடுத்த வீட்டுக்காரன் போனதில் பலன் இருந்தது.

1833இல் மன்னர் ஏழாம் பெர்டினாண்ட் இறந்தபோது மகள் இசபெல்லாவுக்கு மூன்று வயதுகூட நிரம்பவில்லை. அரியணை எனக்கே என்றார் சித்தப்பா கார்லோஸ். வடக்கே மலைநாட்டில் போர் மூண்டது. பிடிபட்டவர்களைச் சுட்டுத் தள்ளுவது இரு தரப்புக்கும் வழக்கமாகிப்போனது. இசபெல்லாவின் அரசைக் கேட்டால், கார்லோஸின் ஆட்கள் கலகக்காரர்கள், போர்வீரர்களே அல்ல. கார்லோஸின் தளபதி சுமாலாகாரெகியிடமோ பெரிய ஊரும் இல்லை, சிறையும் இல்லை. மலை மலையாக ஓடும் படை கைதிகளை எங்கே கொண்டுபோய் வைக்கும்? அப்புறம் பழிக்குப் பழி.

அப்போது பிரிட்டனின் வெளியுறவு அமைச்சர் வெலிங்டன், நெப்போலியனை எதிர்த்து அதே மண்ணில் போரிட்டவர். அவர் எலியட் பிரபுவையும் கர்னல் கர்வுட்டையும் தூதர்களாக அனுப்பினார். 1835 ஏப்ரல் கடைசியில் சுமாலாகாரெகியும் அரசுத் தளபதி வால்டெஸும் அவரவர் இடத்தில் இருந்தபடியே ஒரே தாளில் கையெழுத்திட்டார்கள். அதற்குச் சில நாள் முன்னால்தான் வால்டெஸ் மலையில் அடிவாங்கித் திரும்பியிருந்தார். அவர் சம்மதித்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

போரை நிறுத்தச் சொல்லும் வரி அந்தத் தாளில் கிடையாது. கைதிகளைக் கொல்லக் கூடாது, பதவிக்குப் பதவி, ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்ள வேண்டும், காயம்பட்டவர்களைத் தொடக் கூடாது, அரசியல் கருத்துக்காக விசாரணையின்றி யாரையும் கொல்லக் கூடாது. அவ்வளவுதான். இதற்கே மாட்ரிட்டில் கூச்சல் கிளம்பியது: கலகக்காரனைச் சமமாக உட்காரவைத்து ஒப்பந்தமா என்று. அவர்கள் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. கையெழுத்துப் போட்ட கணத்தில் எதிரி எதிரியாகிவிடுகிறான், குற்றவாளியாக இருப்பதில்லை. அதனால்தான் நம் காலத்து அரசுகளும் இப்படிப்பட்ட தாளைக் கண்டால் பயப்படுகின்றன.

ஓட்டைகள் நிறைய இருந்தன, ஒப்புக்கொள்கிறேன். ஒப்பந்தம் முதலில் வடக்கே போர் நடந்த நவார்ராவுக்கும் மூன்று பாஸ்க் மாகாணங்களுக்கும்தான். இசபெல்லாவுக்காகப் போராட வெளிநாட்டுப் படை வருகிறது என்றதும், அந்த ஜூன் மாதமே கார்லோஸ் டுராங்கோவில் ஓர் ஆணை போட்டார்: பிடிபடும் வெளிநாட்டவருக்கு இந்தச் சலுகை கிடையாது. எலியட்டின் நாட்டிலிருந்து போன தொண்டர்களே அதில் மாட்டிச் செத்தார்கள்! கிழக்கே இன்னும் கொடுமை. 1836 பிப்ரவரியில் தோர்தோசாவில் கார்லோஸ் தரப்புத் தளபதி கப்ரேராவின் தாயை அரசுத் தரப்பு சுட்டுக் கொன்றது. பதிலுக்கு அவர் தன் பிடியிலிருந்த பெண்களைக் கொன்றார். 1839இல்தான் அந்தப் பக்கமும் இதுபோல ஓர் உடன்பாட்டுக்கு வந்தது.

ஆனால் வடக்கைப் பார். கையெழுத்திட்ட சுமாலாகாரெகி இரண்டே மாதத்தில் காயம்பட்டு இறந்தார். தாள் அவரோடு சாகவில்லை, கைதி மாற்றம் தொடர்ந்தது. எலியட் பெரிதாக எதையும் கேட்காததால்தான் கேட்டது கிடைத்தது என்று எனக்குப் படுகிறது. நீ ஒத்துக்கொள்ள மாட்டாய், தெரியும்.

சரி, மகனுடைய நேர்காணல் என்ன ஆயிற்று? எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டு எழுது, கண் இன்னும் முழுசாகச் சரியாகவில்லை.

அன்புடன்,
உன் பழைய நண்பன்